திருத்தம் மூன்று

என் கல்யாண ஆல்பத்தில் ஒரு படம் இருக்கிறது. மண்டப வாசலில் நானும் என் வீட்டுக்காரரும் மாலையோடு நிற்கிறோம். பக்கத்தில் என் அண்ணன். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, புது வேட்டி. இடது காலில் பழுப்புச் செருப்பு, வலது காலில் கறுப்புச் செருப்பு.

அவசரத்தில் மாற்றிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார் என்றுதான் மாப்பிள்ளை வீட்டார் நினைத்தார்கள். பந்தி முடிந்த பிறகும் அதே கால்களோடு அவர் நடமாடுவதைப் பார்த்த என் மாமியார், என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இன்னாமே, உங்கண்ணன் நல்லாத்தான கீறாரு?"

நான் தலையை மட்டும் ஆட்டினேன். வாய் திறந்து நான் பேசுவது அப்போதும் குறைவு, இப்போதும் குறைவு. பேசுகிற ஆளாக இருந்திருந்தால் சொல்லியிருப்பேன். அண்ணன் இரண்டு கம்பெனிச் செருப்புகளுக்குச் சோதனை வைத்திருந்தார். ஒரே ஆள், ஒரே ரோடு, ஒரே வெயில். எது முதலில் தேய்கிறது என்று பார்க்க மூன்று மாதம். என் கல்யாணம் இரண்டாவது மாதத்தில் வந்துவிட்டது.

"இன்னைக்கி ஒரு நாளாவது ஒரே செருப்பு போடக்கூடாதா அண்ணா?" என்று கேட்டிருந்தேன்.

"நடுவுல கழட்டினா டெஸ்ட் கெட்டுடும்மே" என்றார்.

பழுப்புதான் முதலில் தேய்ந்தது. கறுப்பு கம்பெனிதான் உசத்தி என்று தெருவெல்லாம் சொல்லி முடித்த பிறகு, தான் நடக்கும்போது இடது காலை அழுத்தி வைக்கிற ஆள் என்பதைக் கண்டுபிடித்தார். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. மறுநாள் புதிதாக இரண்டு ஜோடி வாங்கி, கால்களை மாற்றிப் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார்.

வேலை அம்பத்தூர் எஸ்டேட்டில், லாரிக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில். இன்ஸ்பெக்ஷன். செய்து வருகிற ஒவ்வொரு துண்டையும் கேஜ் என்கிற அளவுக் கம்பியை வைத்துப் பார்ப்பார். கேஜுக்கு இரண்டு முனை. ஒரு முனை துளைக்குள் போகவேண்டும், இன்னொரு முனை போகக்கூடாது. சரியாக இருந்தால் பச்சைப் பெயின்ட், இல்லையென்றால் சிவப்பு. இருபது வருஷம் அதைச் செய்த மனிதருக்கு உலகம் முழுக்க அப்படித்தான் தெரிந்தது. கம்பெனி கழித்துப்போட்ட ஒரு பழைய கேஜை எப்போதும் சட்டைப் பையில் வைத்திருப்பார். பாடியில் பஸ் மாறும் இடத்தில் இருக்கிற டீக்கடையில் உளுந்து வடை வாங்கினால், அதன் ஓட்டையில் கேஜை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் கடிப்பார். ஒருமுறை கேஜ் போகவில்லை என்று வடையைத் திருப்பிக் கொடுத்தார்.

"இன்னா நைனா, வட துன்ன வந்தியா, செக்கிங் வந்தியா?" என்றார் டீ மாஸ்டர்.

"எதிர்க் கடைல உள்ள போச்சே."

"அப்ப அங்கயே போயி ஓட்டையத் துன்னு."

அண்ணன் கோபப்படவில்லை. அதையும் யோசித்துப் பார்க்கிறவர்போல நின்றார்.

பெண் பார்த்ததும் அப்படித்தான். திருநின்றவூரில் ஒரு பெண், பூந்தமல்லியில் ஒரு பெண். இரண்டு இடமும் அம்மாவுக்குப் பிடித்திருந்தது. அண்ணன் நோட்டில் நடுவே கோடு போட்டு இரண்டு பக்கமும் எழுத ஆரம்பித்தார். ஆறு மாதம் எழுதினார். அதற்குள் இரண்டு பெண்களுக்கும் கல்யாணம் ஆகி, ஒருத்தி முழுகாமல்கூட இருந்தாள். அதற்குமேல் யாரும் அவருக்குப் பெண் பார்க்கவில்லை.

சிரிப்பாகத்தான் இருக்கும் இதெல்லாம். ஆனால் தொண்ணூறுகளின் நடுவில் அவருக்குக் கிட்னி இரண்டும் கெட்டுப்போனபோது, கொடுப்பதற்கு மனைவி இல்லை. அப்பா போய்ச் சேர்ந்திருந்தார். அம்மாவுக்குச் சர்க்கரை. மிச்சம் நான் ஒருத்திதான். வெள்ளானூரில் வாழ்க்கைப்பட்டு, ஒரு பிள்ளை பெற்று, இரண்டு எருமை வைத்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் என்னிடம் கேட்கவே இல்லை. வாரத்துக்கு இரண்டு நாள் ரயிலேறிப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு, வெளுத்துப்போய்த் திரும்பி வந்து, நோட்டில் கோடு போட்டார். ஒரு பக்கம் 'டயாலிசிஸ்', இன்னொரு பக்கம் 'தங்கச்சி'. இரண்டுக்கும் கீழே சாதகம், பாதகம். நான் பார்க்கப் போயிருந்த அன்று நோட்டு திறந்தே கிடந்தது. டயாலிசிஸ் பக்கம் நிறைந்திருந்தது. என் பக்கத்தில் சாதகம் ஏழு எழுதியிருந்தார். பாதகத்தில் ஒன்றும் இல்லை. ரப்பர் வைத்து அழித்து அழித்து, அந்த இடத்தில் தாள் மட்டும் மெலிந்திருந்தது.

"இது ஏன் காலியா கீது?" என்று கேட்டேன்.

"அளக்க முடியல" என்றார். "உனுக்கு எவ்ளோ வலிக்கும்னு எனக்கு எப்டித் தெரியும்? அளவு தெரியாம எப்டிமே முடிவு எடுக்கறது?"

"பரவால்ல அண்ணா. நான் தரேன்."

என் வாழ்க்கையில் நானாகச் சொன்ன பெரிய வார்த்தை அந்த 'நான் தரேன்'தான். 'பரவால்ல' என்பதை மட்டும் தினமும் சொல்வேன்.

என் வீட்டுக்காரர் மறுப்புச் சொல்லவில்லை. "மச்சான் நோட்ட மட்டும் ஆஸ்பத்திரிக்கி எடுத்தாராம பாத்துக்க" என்றார். அண்ணன் நோட்டை எடுத்துக்கொண்டுதான் வந்தார்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மத்தியானம் மயக்க மருந்து டாக்டரம்மா எங்கள் இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசினார். ஆபரேஷன் நடக்கும்போது ஒன்றும் தெரியாது. அப்புறம் வருகிற வலிக்குத்தான் ஏற்பாடு. அண்ணனுக்கு முதுகுத்தண்டுப் பக்கம் ஒரு மெல்லிய டியூப் வைத்து, அதன் வழியாக மருந்து விட்டுக்கொண்டே இருப்பார்கள். வலியை எடுத்துப்போகிற நரம்புகள் அங்கேயே மரத்துவிடும். எனக்கும் அதுவே வைக்கலாம்தான். ஆனால் என் முதுகெலும்பு ஒரு பக்கமாக வளைந்திருக்கிறதாம், டியூப் சரியாக ஏறாது. அதனால் விலா எலும்புகளுக்கு இடையில் ஓடுகிற நரம்புகளுக்குத் தனித்தனியாக ஊசி. சில மணி நேரம் தாங்கும், அப்புறம் மறுபடி போடவேண்டும்.

அண்ணன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பல மாதமாகப் பார்க்கவில்லை.

"ரெண்டு விதம்!" என்றார். "ஒரே நாளு, ஒரே டாக்டரு, ஒரே ரத்தம். டாக்டரம்மா, இந்த மாதிரி ஒரு ஜோடி உங்களுக்குக் கெடைக்காது."

"சார், நீங்க நல்லா தூங்கி எழுந்தாப் போதும்" என்றார் டாக்டரம்மா.

அவர் போனதும் அண்ணன் வேலையை ஆரம்பித்தார். வலிக்கு சைபரிலிருந்து பத்துவரை நம்பர். ஆனால் என் நம்பரும் அவர் நம்பரும் ஒன்றா என்று முதலில் பார்க்கவேண்டும். கம்பெனியில் எந்த கேஜையும், அளவு சரியென்று முத்திரை வாங்கிய மாஸ்டர் பீஸோடு ஒத்துப் பார்க்காமல் எடுக்கமாட்டார்களாம். கட்டில் காலடியில் கேஸ் ஷீட்டைப் பிடித்திருந்த இரும்புக் கிளிப்பை உருவினார். தன் காது மடலில் மாட்டி இருபதுவரை எண்ணினார். கண்ணில் நீர் வந்துவிட்டது.

"அஞ்சு" என்று எழுதிக்கொண்டார். "இப்ப நீ."

கிளிப் காதில் ஏறியது. உயிர் போனது. இருபது எண்ணி முடித்துக் கழற்றினார்.

"எத்தன?"

"ரெண்டு இருக்கும்."

என் காதைப் பார்த்தார். அது மிளகாய்ப் பழம்போலச் சிவந்திருந்தது. என்னைப் பார்த்தார். நோட்டில் எழுதினார். 'தங்கச்சி கேஜ் குறைவாகக் காட்டுகிறது. திருத்தம் மூன்று.'

"நீ எது சொன்னாலும் மூணு கூட்டிக்குவேன்" என்றார்.

அந்த நேரம் பார்த்து நர்ஸ் வந்து, கேஸ் ஷீட்டெல்லாம் தரையில் பறப்பதையும் நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு சிவந்த காதோடு உட்கார்ந்திருப்பதையும் பார்த்தார். கிளிப்பைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்.

ஆபரேஷன் நடந்தது. அண்ணனைத் தனி அறையில் வைத்தார்கள். கிருமி தொற்றக்கூடாது என்று யாரையும் உள்ளே விடமாட்டார்கள். கதவில் ஒரு கண்ணாடி வட்டம் மட்டும் உண்டு. நான் அதே மாடியின் மறுகோடியில், பெண்கள் வார்டில். நடுவில் இருந்த நீளமான வராண்டாவைத் துடைக்கிற ஆயாதான் எங்களுக்குப் பாலம். முன்கூட்டியே அவரிடம் அண்ணன் பேசி வைத்திருந்தார். காலை, மத்தியானம், சாயங்காலம் என்னிடம் நம்பர் வாங்கிக்கொண்டு போய், கண்ணாடி வழியாக விரலால் காட்டவேண்டும். அண்ணன் விரலால் காட்டுகிற நம்பரை எனக்கு வந்து சொல்லவேண்டும்.

"எத்தினியோ பேஷண்ட பாத்துகீறேன்" என்றார் ஆயா. "வலிய ஸ்கோர் மாரி கேக்கற ஆள இப்பத்தான் பாக்குறேன்."

முதல் நாள் என் இடது விலாப் பக்கம் ஒரு பலகை வைத்துத் தைத்ததுபோல இருந்தது. தொட்டால் தெரியவில்லை. "சைபர்" என்று சொல்லி அனுப்பினேன். அண்ணன் 'மூன்று' என்று எழுதிக்கொண்டிருப்பார் என்று தெரியும். அவருடையது ஒன்று என்று பதில் வந்தது. சிறுநீர் நன்றாக இறங்குகிறது என்ற சேதியும் வந்தது. அது என் கிட்னிதான் என்று நினைத்தபோது கூச்சமாக இருந்தது. வெளியூரில் வேலைக்குச் சேர்ந்த பிள்ளை நன்றாக வேலை செய்கிறான் என்று யாரோ வந்து சொன்னதுபோல.

இரண்டாம் நாள் மத்தியானம் ஊசியின் வேகம் இறங்கி, பலகை கழன்றது.

அதைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை. மூச்சை இழுத்தால் வலி. விட்டால் வலி. ஆயா துடைக்கும்போது துடைப்பக் கட்டை கட்டில் காலில் பட்டாலும் வலி. இருமல் வந்தபோது தலையணை உறையைக் கடித்தேன். நர்ஸ் வந்து, "வலி இருக்காம்மா?" என்றார். "பரவால்ல சிஸ்டர்" என்றேன். அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அடுத்த கட்டில்காரி கூவிக்கொண்டிருந்தாள். கூவுகிறவளைத்தானே பார்ப்பார்கள்.

அண்ணனுக்குச் சொல்லக்கூடாது என்பதில் மட்டும் தெளிவாக இருந்தேன். அவர் மூன்று கூட்டிக்கொள்ளும் ஆள். நான் ஐந்து சொன்னாலே அவருக்கு எட்டு. புது கிட்னியை வைத்துக்கொண்டு அந்த எட்டை அவர் எங்கே இறக்கி வைப்பார்?

ஆயா துடைப்பத்தோடு வந்து நின்றார். "இன்னா நம்பர் சொல்லட்டும்?"

"ஒண்ணு."

"ஒண்ணா? தலாணி ஒறைய கடிச்சி நூலு நூலா பிரிச்சி வச்சிகினு ஒண்ணுங்குற? நான் இப்பத்தான் தொடச்சிகீறேன் தரைய. அதுமேல நின்னு பொய்ய சொல்ல வைக்காதமே."

"ஒண்ணுன்னே காட்டுங்க ஆயா. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

அவர் போனார். கால் மணி நேரத்தில் வார்டே அதிரும்படி திரும்பி வந்தார். துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, நடந்ததைக் கையும் காலும் ஆட்டிச் சொன்னார்.

"நேரா கண்ணாடியாண்ட போயி நின்னேன். உங்கண்ணாத்த தலைய ஆட்டி, எத்தினினு கேட்டாரு. எனக்கு ஒரு வெரலக் காட்ட மனசு வர்ல. ரெண்டு கையையும் விரிச்சி காட்டிட்டேன். பத்து! அந்தாளு மொகத்த பாக்கணுமே. பெல்ல அமுக்குறாரு, அமுக்குறாரு, கையே எடுக்கல. டாக்டரம்மா மூஞ்சில துணிய கட்டிகினு உள்ள ஓடிச்சி. கதவு தொறந்துதான் இருந்திச்சி, அல்லாம் கேட்டுது. 'என் முதுகுல கீற டியூப்ப கழட்டி என் தங்கச்சிக்கி மாட்டுங்க'ன்றாரு. டாக்டரம்மா, 'சார், அதெல்லாம் அப்டி கழட்டி மாட்ற பொருள் இல்ல'ன்னுச்சி. அதுக்கு இன்னா சொன்னாரு தெரியுமா? 'கிட்னியவே ஒருத்தர்கிட்ட கழட்டி இன்னொருத்தருக்கு மாட்னீங்க. இத்துனூண்டு டியூப்பு, இத மாட்டத் தெரியாதா'ன்றாரு!"

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததும் விலாவில் கத்தி இறங்கியது. சிரிப்பும் அழுகையும் எது எது என்று தெரியவில்லை.

"சிரிக்காதமே. இன்னும் கீது கேளு" என்றார் ஆயா. "டாக்டரம்மாக்கு கோவம் வந்துட்ச்சி. 'உங்களுக்கு அடிவயித்துல வெட்டு. அவங்களுக்கு விலாவோரம் நீளமா வெட்டு, எலும்புல ஒரு துண்டு எடுத்துதான் கிட்னிய வெளிய கொண்டாந்தோம். ரெண்டும் வேற வேற காயம். வேற வேற காயத்துல ரெண்டு மருந்த வச்சி எது நல்லதுன்னு எப்டி சார் பாப்பீங்க?'ன்னு கேட்டுச்சி. அதுக்கு உங்கண்ணாத்த மெதுவா, 'எலும்பா? எலும்ப யாரும் சொல்லலியே'ன்னாரு."

எலும்பைப் பற்றி எனக்குச் சொல்லியிருந்தார்கள். கையெழுத்தும் போட்டிருந்தேன். நான்தான் அண்ணனிடம் சொல்லவில்லை.

ஆயாவின் குரல் இறங்கியது. "அவளுக்கு வலி நிக்கற வரைக்கும் எனக்கும் மருந்து வேணாம்னு, மருந்து வர்ற டியூப்ப கையால மடக்கி பிடிச்சிகினு கெடக்குறாரு. வேர்த்து ஊத்துது. புது கிட்னி போயிடும்னு டாக்டரம்மா பயப்படுது. நான் விட்ட பத்து இப்டி ஆயிட்ச்சி. இப்ப நீதாம்மே பேசணும்."

டாக்டரம்மா வந்தே விட்டார். முகத்துணியைக் கழற்றிக்கொண்டே என் கட்டிலோரம் உட்கார்ந்தார்.

"உங்கண்ணன் என்னைவிடப் பெரிய டாக்டர்" என்றார். "நீங்க சொல்ற நம்பர வச்சிதான் நான் மருந்து குடுக்க முடியும். இங்க எழுதியிருக்கறதெல்லாம் பரவால்ல, பரவால்ல. உண்மையச் சொல்லுங்கம்மா. எவ்வளவு?"

எதிர்க்கட்டில், பக்கத்துக் கட்டில், ஆயா, நர்ஸ், எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பத்துப் பேர் பார்க்க நான் பேசியதே இல்லை. கல்யாணத்தன்றுகூடத் தலையைத்தான் ஆட்டினேன். வராண்டா மறுகோடியில், டியூப்பை மடக்கிப் பிடித்துக்கொண்டு வேர்த்துக் கிடக்கிற மனிதரை நினைத்தேன்.

"எட்டு" என்றேன்.

சொன்னதும், என்னவோ கெட்ட வார்த்தை பேசிவிட்டதுபோலச் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டேன்.

டாக்டரம்மா ஒரு நிமிஷம்கூட வீணாக்கவில்லை. அங்கேயே ஒருக்களித்துப் படுக்கவைத்து, விலா விலாவாக மறுபடி ஊசி போட்டார். இடுப்பில் வேறொரு மருந்தும் ஏறியது. அரைமணியில் பலகை திரும்பி வந்தது. ஆயா ஓடிப்போய்க் கண்ணாடி வழியாக முதலில் எட்டு விரலையும், அப்புறம் கட்டைவிரலை மட்டும் நிமிர்த்தியும் காட்டினாராம். அண்ணன் டியூப்பிலிருந்து கையை எடுத்தார். நோட்டில் எழுதிக்கொண்டு, பக்கத்தைக் கண்ணாடியில் ஒட்டவைத்துக் காட்டினார். ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது. நர்ஸ் படித்து வந்து எனக்குச் சொன்னார்.

'எட்டும் மூன்றும் பதினொன்று. ஸ்கேல் போதவில்லை.'

வீடு திரும்பிய பிறகு அவர் சும்மா இருக்கவில்லை. எஸ்டேட்டில் யாருக்கு என்ன ஆபரேஷன் என்றாலும், குடலிறக்கமோ மூலமோ, போய் நின்றுவிடுவார். "முதுகுல டியூப்பா, விலாவுல ஊசியான்னு கேளு" என்பார். எது நல்லது என்று அவர்கள் கேட்டால், முகம் சுருங்கிவிடும். "சொல்ல முடியாது. என் டெஸ்ட் செல்லாது. வேற வேற காயத்த ஒரே கேஜ்ல பாத்துட்டேன். செருப்புல பண்ண அதே தப்பு" என்பார். நோட்டில் என் பக்கத்துப் பாதகம் மட்டும் நிரம்பியது. 'வலி பதினொன்று. எலும்பு ஒரு துண்டு.' அதற்குப் பச்சைப் பென்சிலும் போடாமல் சிவப்பும் போடாமல் விட்டிருந்தார்.

அந்தக் கிட்னி சில வருஷம் நன்றாக ஓடியது. மாதம் ஒருமுறை வெள்ளானூருக்கு வருவார். வாசலில் சைக்கிளை நிறுத்தும்போதே, "எத்தன?" என்பார். என் தழும்பைத்தான் கேட்கிறார். "சைபர்ணா" என்பேன். "அப்ப மூணு" என்று சொல்லிவிட்டு மோர் குடிப்பார்.

தொண்ணூறுகள் முடியப்போகிற சமயம் மறுபடி அதே ஆஸ்பத்திரி. கிட்னி களைத்துவிட்டது என்றார்கள். இந்த முறை தனி அறை இல்லை, கண்ணாடி இல்லை. பகல் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். காலையில் ஆஸ்பத்திரி இட்லியையும் நான் கொண்டுபோன இட்லியையும் ஒவ்வொன்றிலும் பாதி வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, முடிவு சொல்லாமலே கண்ணை மூடிக்கொண்டார். அப்போதே எனக்குப் பயம் வந்தது. போர்வைக்குள் அவர் கை கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தது.

அவரிடம் நான் அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. கேட்டேன்.

"எத்தன அண்ணா?"

ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கிளிப்புக்குக் கண்ணீரோடு ஐந்து சொன்ன மனிதர். தன் வலியில் கால் நம்பரைக்கூட மறைக்காதவர்.

"பரவால்லமே" என்றார். "ஒண்ணு."

நான் மூன்று கூட்டினேன். அவர் கையைப் பார்த்தேன். போதவில்லை. இன்னொரு மூன்று கூட்டினேன். எழுந்து, வராண்டாவில் நடந்து, டாக்டர் அறைக் கதவைத் தட்டாமலே திறந்தேன். உள்ளே நாலைந்து பேர் இருந்தார்கள். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"எங்கண்ணனுக்கு ஏழு" என்றேன். "உடனே வாங்க."